முப்பத்தெட்டாவது கோல்

பந்து வலையில் விழுந்தால்தான் கோல் என்று உலகத்தில் பாதிப் பேர் நம்புகிறார்கள். மனித குலத்தைப் பீடித்துள்ள பிழைகளில் இதைவிடக் கொடியவை சிலவே இருக்கும். கால்பந்துச் சட்டத்துக்கு வலை ஒரு பொருட்டே அல்ல. இரண்டு கம்பங்களுக்கு நடுவே, மேல்கட்டைக்குக் கீழே, பந்து முழுவதும் கோட்டைக் கடக்க வேண்டும், அவ்வளவுதான். கடந்த கணமே கோல் முடிந்துவிட்டது. அதன்பின் பந்தை யார் என்ன செய்தாலும் சட்டம் திரும்பிப் பார்க்காது.

கோரைத்தீவு நாட்டில் இதற்காகத் தூக்கம் இழந்த ஒரே மனிதர் அம்பலவாணர். (அந்த நாட்டை வரைபடத்தில் தேட வேண்டாம், இந்தக் கதைக்காக மட்டும் கடலிலிருந்து எழுந்தது.) நாட்டு அணிக்காக யார் எத்தனை கோல் போட்டார் என்று பதிவேட்டில் எழுதுவது அவர் வேலை. முப்பத்தொரு வருடமாக அந்தப் பதிவேட்டில் ஓர் அடித்தல் கிடையாது. மனைவியைப் பற்றிக்கூட அவர் அவ்வளவு பெருமைப்பட்டதில்லை.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. நாட்டுக்காக ஒரு கோலாவது போட்டவரின் பெயரையும் எண்ணிக்கையையும் மைதான வாசல் கல்லில் வெட்டுவார்கள். போடாதவர் எத்தனை ஆட்டம் ஆடியிருந்தாலும் கல்லில் இடமில்லை.

அந்த ஆட்டம் அடைமழையில் நடந்தது. முந்தைய வாரப் புயலில் வலை கிழிந்திருந்தது. வெறும் கம்பங்களை வைத்தே ஆடினார்கள். சுண்ணாம்புக் கோடும் கரைந்துபோனது. கடைசி நிமிடத்தில் நாட்டு அணியின் தடுப்பாட்டக்காரன் குழந்தைவேலு எதிரணிக் கம்பங்களுக்கு முன்னால் பாய்ந்து பந்தைத் தலையால் முட்டினான். பந்து போனது; அவன் தலை கம்பத்தில் மோதியது. பின்னாலேயே சறுக்கி வந்த அதே அணியின் சவரிராயன் நின்ற பந்தை எத்தினான். அவன் முழங்கால் அதே கம்பத்தில் நொறுங்கியது. ஆட்டக்காரர்களின் கூட்டத்துக்குப் பின்னால் நின்ற நடுவருக்கு அந்த எத்து மட்டும் தெரிந்தது. சவரிராயன் பெயரை எழுதினார். அது அவனுடைய முப்பத்தெட்டாவது கோல். அதுவரை இன்னொருவர் வைத்திருந்த சாதனை முப்பத்தேழு.

இருவரையும் ஒரே வண்டியில் மருத்துவமனைக்கு ஏற்றினார்கள். பாதி வழியில் குழந்தைவேலு இறந்துபோனான்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் காலை, அம்பலவாணரின் அறைக்கு முதலில் வந்தவர் மைதானக் காவலர் காசிம் பாய்.

"என் குழியில வழுக்கித்தான் பையன் செத்தான்னு டீக்கடையில பேசறாங்க சார். நியாயமா? குழி, கோட்டைத் தாண்டி ஒரு முழம் பின்னால, வலை கட்டற பக்கம் இருக்கு. கோட்டுக்கு முன்னால இருந்த பள்ளத்தையெல்லாம் காலையிலேயே மணல் கொட்டி நிரப்பிட்டேன். எவ்வளவு மழை பெஞ்சாலும் மணல்ல ஒரு சொட்டு நிக்காது. பின்னால யாரு ஓடப்போறாங்கன்னு அந்த ஒரு குழியை மட்டும் விட்டேன்."

"புகார் வந்தால் பார்க்கலாம் பாய்" என்று அனுப்பிவைத்தார் அம்பலவாணர்.

அடுத்து செங்கமலம் வந்தாள், குழந்தைவேலுவின் மனைவி. ஊன்றுகோல்களோடு சவரிராயனும் வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்தான்.

"நூத்திரண்டு ஆட்டம் ஆடினாரு ஐயா. 'கல்லு கிடைக்காத கம்பம்'னு கேலி பண்ணுவாங்க. அவரும் சேர்ந்து சிரிப்பாரு. வண்டியில இந்த அண்ணன் அவர் கையைப் பிடிச்சுக்கிட்டு, 'கோல் உன்னோடதுதான்டா, உன் தலையிலயே உள்ள போயிருச்சு'ன்னாரு. நான் பக்கத்துலதான் இருந்தேன். அதைக் கேட்டுட்டுக் கண்ணை மூடினவருதான். அந்தக் கோல் அவரோடதுதான் ஐயா."

"சொன்னியா தம்பி?"

"சொன்னேன் சார். 'கல்லுல இடம் கிடைக்குமாடா'ன்னு கேட்டான். சாகக் கிடக்கிறவன்கிட்ட வேற என்னத்தைச் சொல்ல? பொய்தான் சொன்னேன்." சவரிராயன் முழங்காலைப் பார்த்தபடி பேசினான். "பந்து உள்ளே போகல சார். தண்ணிக்குள்ள பாதி முங்கி அசையாம நின்னுச்சு. நான் எத்தலேன்னா இன்னைக்கும் அங்கேயேதான் நிக்கும். இந்தக் கால் இனிமே பந்தைத் தொடாது. எனக்குன்னு மிஞ்சினது அந்த ஒரு நம்பர்தான். அப்படியும் தங்கச்சி கேட்டா விட்டுக்கொடுத்துடறேன்."

"பிச்சையா வேணாம் அண்ணா" என்றாள் செங்கமலம். "அவர் போட்டதுன்னா வெட்டுங்க. இல்லேன்னா அவர் பேரை எங்கேயும் வெட்ட வேணாம்."

அம்பலவாணர் பதிவேட்டைத் திறந்தார். மூடினார். நடுவரின் தாளில் ஒரு பெயர். செத்தவனிடம் சொன்ன சொல்லில் இன்னொரு பெயர். சொன்னவனே அதைப் பொய் என்கிறான். முப்பத்தொரு வருடச் சுத்தமான பக்கங்கள் வேறு அவரைப் பார்த்துக்கொண்டிருந்தன. எதிரே உட்கார்ந்திருந்த இருவருமே பொய் பேசுகிறவர்களாகத் தெரியவில்லை. ஜன்னல் வழியே வெகுநேரம் மைதானத்தைப் பார்த்துவிட்டுப் பேனாவை எடுத்தார்.

வாசகரே, பேனா உங்கள் கையில் இருந்தால் எந்தப் பெயரை எழுதுவீர்கள்? நடுவர், செங்கமலம், சவரிராயன்: இம்மூவரில் யார் சொன்னது சரி?

விடை: செங்கமலம் சொன்னதே சரி. கோட்டுக்கு முன்னால் இருந்ததெல்லாம் மணல். அங்கே தண்ணீர் நிற்காது. தண்ணீர் நின்ற ஒரே இடம் கோட்டுக்கு ஒரு முழம் பின்னால். பந்து தண்ணீரில் நின்றது என்றால், சவரிராயனின் கால் படுமுன்பே அது கோட்டை முழுதாகக் கடந்துவிட்டது. முடிந்துபோன கோலைத்தான் அவன் எத்தினான். அறையில் அவன் தெரிந்து பொய் சொல்லவில்லை; வண்டியில் பொய் என்று நினைத்துச் சொன்னதுதான் உண்மை. அம்பலவாணர் தன் பதிவேட்டில் முதல் அடித்தலைப் போட்டார். கல்லில் குழந்தைவேலுவின் பெயர் ஏறியது, பக்கத்தில் 1 என்ற எண்ணோடு. அதே வாரம் காசிம் பாய் அந்தக் குழியில் இரண்டு கூடை மணல் கொட்டி மூடினார்.