தலைவி வாத்து சொன்ன நன்றி

ஒரு காட்டில், குழந்தைகளே, எங்கே காலை வைத்தாலும் முள். கருவேல முள், இலந்தை முள், கள்ளி முள் என்று நடக்கிற கால்களையெல்லாம் பதம் பார்க்கிற காடு அது. அங்கே மெல்லி என்றொரு தேவாங்கு இருந்தாள். குச்சிக் கை, குச்சிக் கால், முகத்தில் பாதி கண். எதைச் செய்தாலும் மெதுவாகத்தான் செய்வாள். சோம்பேறி என்று நினைத்துவிடாதீர்கள்! குத்திய முள்ளை வலிக்காமல் எடுக்க அந்த மெதுவான விரல்களால்தான் முடியும்.

முள்ளை எடுத்துவிடுவாள். ஆனால் சில புண்கள் சீழ் வைத்துவிடும். அதற்கு அவளிடம் மருந்து இல்லை.

மருந்து வாத்துகளிடம் இருந்தது. தலையில் இரண்டு கறுப்புக் கோடு போட்ட அந்த வாத்துகள் மார்கழி பிறந்தால் பனிமலைக்கு அப்பாலிருந்து பறந்து வந்து ஏரியில் இறங்கும். வரும்போது அலகில் பச்சைப் பாசியைக் கவ்விக்கொண்டு வரும். புண்மேல் அதை வைத்தால் சீழ் வற்றிவிடும்.

"வாத்தம்மா, நீங்க நல்லா இருக்கணும்!" என்று காடே கும்பிடும். தலைவி வாத்து கழுத்தை நிமிர்த்திக்கொண்டு கேட்டுக்கொள்வாள்.

பங்குனி வெயில் தொடங்கியதும் வாத்துகள் கிளம்பிவிடும். மீந்த பாசி கருகிவிடும். போன கோடையில் முயல் தன் மூத்த குட்டியை அப்படித்தான் பறிகொடுத்தது. கடைசிவரை மெல்லி அதைக் கையில் ஏந்திக்கொண்டிருந்தாள். ஏந்தத்தான் முடிந்தது.

இந்த ஆண்டு கிளம்புகிற நேரத்தில் தலைவி வாத்து மெல்லியைக் கூப்பிட்டாள்.

"மெல்லி, நீ எங்க ஊருக்கு வந்துடு. எங்க குஞ்சுங்க பனிக்கட்டியில காலைக் கிழிச்சுக்குதுங்க. பக்குவமாப் பார்க்க ஆளில்லை. என் முதுகுல உட்கார்ந்தா போதும். அங்க பூச்சியெல்லாம் கொழுகொழுன்னு இருக்கும்!"

"காட்டுக்கே பெருமை! போய்ட்டு வா," என்றது மயில். மயிலுக்கு அந்த ஆண்டு முள் எதுவும் குத்தவில்லை.

முயல் தன் இளைய குட்டியின் காலையே பார்த்துக்கொண்டிருந்தது. நேற்றுத்தான் முள் எடுத்த கால் அது.

மெல்லி வாத்துகளைப் பார்த்தாள். எத்தனை உயிர்களைக் காப்பாற்றியவர்கள்! முதன்முதலாக ஒன்று கேட்கிறார்கள். மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? யோசித்தாள். அதையும் மெதுவாகத்தான் செய்தாள். அதற்குள் வாத்துகள் இறகு கோதி முடித்துவிட்டன.

"வர்றேம்மா," என்றாள். "நீங்க செஞ்சதுக்கு நான் வராம இருப்பேனா? ஒண்ணே ஒண்ணு. நான் திரும்பி வர்ற வரைக்கும் எனக்குப் பதிலா உங்கள்ல ஒருத்தர் இங்க இருக்கணும்."

"அதுக்கென்ன!" என்று தலைவி தன் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

"எனக்கு முட்டையிடுற காலம்," என்றது ஒரு வாத்து.

"இந்த வெயில்லயா? வெந்துடுவேன்!" என்றது இன்னொன்று.

மூன்றாவது வாத்து நைசாகத் தண்ணீருக்குள் தலையை விட்டுக்கொண்டது.

நிமிர்ந்திருந்த தலைவியின் கழுத்து கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்தது.

"இத்தனை பேர் இருக்கோம். ஒரு கோடைக்கு ஒருத்தரை விட்டுட்டுப் போக முடியல. இங்க இருக்கிற ஒருத்தியையும் கூட்டிட்டுப் போகப் பார்த்தேனே!" என்றாள். "நீ வர வேண்டாம் மெல்லி. உங்களுக்கு என்ன வேணும்? அதைச் சொல்லு."

இத்தனை ஆண்டுகளில் யாரும் அதைக் கேட்டதில்லை.

"பாசியை வளர்க்கக் கத்துக்கொடுங்க," என்றாள் மெல்லி. "முள் எடுக்கவும் புண்ணைப் பார்க்கவும் உங்க பிள்ளைங்களுக்கு நான் கத்துத் தர்றேன்."

"பாசிக்குக் குளிர்ச்சி வேணுமே. இந்த ஊர்ல எங்க வளரும்?"

"என் வளைக்கு வாங்க," என்றது முள்ளம்பன்றி. "ஊற்றுப் பக்கம் தோண்டினது. சித்திரையிலயும் வாசல் மண் சில்லுன்னு இருக்கும்."

வாத்துகள் பயணத்தைத் தள்ளிப்போட்டன. தலைவியே வளை வாசலில் பாசியைப் பதியம் போட்டுக் காட்டினாள். பக்கத்திலேயே இளம் வாத்துகள் அலகால் முள் எடுக்கவும் புண்ணைத் துடைக்கவும் பழகின. முயலும் கூட நின்று பழகியது.

"அவசரப்படாதே. போன வழியிலயே முள் வெளிய வரணும்," என்றாள் மெல்லி.

ஒரு வாத்து கவ்வி இழுத்தது.

"ஐயோ! அது என் சொந்த முள்!" என்று அலறியது முள்ளம்பன்றி.

வாத்துகள் போன பிறகு முயல்குட்டியின் காலில் சீழ் கோத்தது. மெல்லி வளைக்குப் போனாள். பாசி பச்சைப்பசேல் என்று இருந்தது. ஆடி பிறந்தபோது குட்டி காடெல்லாம் ஓடியது.

மறுபடி மார்கழி வந்தது. இம்முறை வாத்துகள் தள்ளாடியபடி இறங்கின.

"எங்க பிள்ளைங்க கத்துக்கிட்டதுல ஊர்ல குஞ்சுங்க எல்லாம் சுகம்," என்றாள் தலைவி. "ஆனா வழியில புயல். பாசியெல்லாம் பறந்துபோச்சு. இந்தப் பிள்ளையோட இறக்கையும் கிழிஞ்சு சீழ் வச்சிடுச்சு."

மெல்லி மரத்திலிருந்து மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தாள். அதற்குள் முயல் ஒரு வாய் பாசியோடு ஓடி வந்தது. கிழிந்த இறக்கையை மெல்லி கற்றுக்கொடுத்தபடியே துடைத்து, பாசியை வைத்து அழுத்தியது. இளம் வாத்து வலி குறைந்து நிம்மதியாகத் தூங்கியது.

இத்தனை ஆண்டுகளாக நன்றியை வாங்கியே பழகிய தலைவி வாத்து முயலின் முன்னால் கழுத்தைத் தாழ்த்தினாள்.

"நீங்க நல்லா இருக்கணும்," என்றாள்.

நீதி: உதவப் போன இடத்தில் இருக்கிற ஒரே கையையும் கூட்டிச் செல்லாதே; என்ன வேண்டும் என்று கேட்டு, இருவரும் கற்று இருவரும் கொடுத்தால்தான் உதவி நிலைக்கும்.