வாலைத் தூக்காத காவல்நாய்

ஏரிக்கரைப் பாறைக் குகையில் ஒரு நாய்க்கூட்டம் வாழ்ந்தது. தலைவன் பெயர் பெருந்தாடை. குகை வாசலில் காவல் இருந்தவன் கருவாலன். கருவாலனின் மனைவி புள்ளிச்சி அப்போதுதான் சினையாகியிருந்தாள்.

அந்தக் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. வெளியே போய்த் திரும்புகிற எந்த நாயும் வாசலில் நின்று வாலைத் தூக்க வேண்டும். மற்ற நாய்கள் பின்னால் வந்து முகர்ந்து பார்க்கும். வந்திருப்பது யார், எதைத் தின்றது, உடம்பு நன்றாக இருக்கிறதா, எல்லாம் அந்த ஒரு முகர்தலில் தெரிந்துவிடும். நீங்கள் சிரிக்கலாம். ஆனால் நாய்க்கு முகமும் பெயரும் முகவரியும் அங்கேதான் இருக்கின்றன.

இன்னொரு வழக்கமும் இருந்தது. இது பெருந்தாடை கொண்டுவந்தது. வேட்டையில் கிடைத்ததில் ஈரல், கொழுப்பு, மெத்தென்ற சதை எல்லாம் காவல்காரனுக்கு. அதற்குக் காவல் பங்கு என்று பெயர். தோல், மயிர், குடல், அதில் கிடக்கும் அரைபட்ட புல் எல்லாம் கடைசி வரிசை நாய்களுக்கு. அதற்குக் கடைப் பங்கு என்று பெயர். காவல் பங்கு தின்பவன் கடைப் பங்கில் வாய் வைத்தால் காவல் வேலை போய்விடும். முட்டாள்தனமான சட்டம். ஆனால் ஒரு வருடமாக எவனும் அதை எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை.

ஒரு வருடம் ஈரலும் கொழுப்புமாகத் தின்ற கருவாலனுக்கு வயிறு கெட்டது. வெளிக்குப் போவது கஞ்சியாகப் போனது. அடுத்ததாகப் பின்புறத்தில் நமைச்சல் தொடங்கியது. பிறகு வலி. உட்கார்ந்தால் வலி, எழுந்தால் வலி. கெட்ட மீன் நாற்றம் ஒன்றும் சேர்ந்துகொண்டது. வாலைத் தூக்கினால் தெரிந்துவிடும் என்று அவன் வாசலை விட்டுத் தூரம் போவதையே நிறுத்திவிட்டான்; யாரும் இல்லாத நேரம் பார்த்துப் பாறைக்குப் பின்னால் போய், மணலில் பின்புறத்தை வைத்துத் தேய்த்துத் தேய்த்து நகர்வான்.

ஒருநாள் விடிகாலையில் அதை ஒரு பெண் முள்ளம்பன்றி பார்த்துவிட்டது. முள்ளம்பன்றிக்கு நாசூக்காகப் பேசத் தெரியாது.

"நாய்க்குப் பின்னாடி ரெண்டு பக்கமும் ரெண்டு பை இருக்கு. வெளிக்குக் கட்டியாப் போனாத்தான் அந்தப் பை அமுங்கி, உள்ள இருக்கறது வெளிய வரும். உனக்குக் கஞ்சியாப் போகுது. அப்புறம் பை எப்படிக் காலியாகும்? தோலை மயிரோட தின்னு. ஏரிக்கு அந்தப் பக்கம் கொல்லையில பூசணிக்காய் கிடக்கு, அதைத் தின்னு. நாரு உள்ள போகணும்."

"நான் காவல்காரன். ஆடு மாடு தின்னுறதையா தின்னச் சொல்ற?"

"அப்போ தேச்சுக்கிட்டே கிட" என்று சொல்லிவிட்டு அது தன் வழியே போயிற்று.

கருவாலனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நோவின் மேல் வரவேண்டிய கோபம், நோவைச் சொன்னவள் மேல் வந்தது. கிழங்கு தோண்டித் தின்கிற ஒருத்தி காவல்காரனுக்குப் புத்தி சொல்வதா என்று அன்று முழுவதும் கறுவிக்கொண்டே இருந்தான்.

இதையெல்லாம் மரத்தின் மேலிருந்து ஒருவன் கேட்டுக்கொண்டிருந்தான். அவன் புனுகுப்பூனை. அவனுடைய வாலடியில் ஊறும் புனுகு காடெல்லாம் மணக்கும். அவன் மெல்ல இறங்கி வந்து, மிகவும் பணிவாக நின்றான். காவலரே, காவலரே என்று வார்த்தைக்கு வார்த்தை அழைத்தான். வைத்தியம் என்று போனால் நாலு பேருக்குத் தெரியும், காவல் வேலை என்ன ஆகும் என்று கவலைப்பட்டான். தன்னிடம் இருக்கும் புனுகைப் பூசிவிட்டால் ஒரு மூக்குக்கும் எதுவும் தெரியாது என்றான். கூலியாகத் தினமும் ஒரு துண்டு ஈரல் போதும் என்றான்.

"நோவு தீருமா?" என்று கருவாலன் கேட்டான்.

"நாத்தம் தீரும் காவலரே. நாத்தம் தீர்ந்தா நோவு இருக்கறது யாருக்குத் தெரியப்போகுது?"

பாருங்கள், அவன் பொய் சொல்லவே இல்லை. தீராது என்பதை அவ்வளவு தெளிவாகச் சொன்னான். கேட்டவன் காதில்தான் அது ஏறவில்லை. கருவாலன் பின்புறத்தைக் காட்டினான், பூனை பூசிவிட்டான்.

அன்று சாயங்காலம் கருவாலன் குகைக்குள் போனபோது கூட்டமே எழுந்து உறுமியது. யாரோ அந்நியன் வந்துவிட்டான் என்று நினைத்தார்கள். பிறகு கண்ணால் பார்த்து அடங்கினார்கள். பெருந்தாடை மூக்கை நீட்டி மணத்தை இழுத்தான். அவனுக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று. காவல்காரன் என்றால் இப்படி அல்லவா இருக்க வேண்டும் என்றான். பத்தடி தள்ளியே மணம் வந்து ஆளைச் சொல்லிவிடுகிறது, இனிமேல் கருவாலன் வாலைத் தூக்க வேண்டிய அவசியமில்லை என்று உத்தரவும் போட்டான். கருவாலன் மனதுக்குள் துள்ளினான். அவனுக்கு வேண்டியதும் அதுதான்.

புள்ளிச்சி மட்டும் முகம் சுளித்தாள். உடம்புக்கு என்ன என்று ஒருநாள் கேட்டாள். அவன் சீறி விழுந்தான். அதற்குமேல் அவள் கேட்கவில்லை.

இரண்டு மாதம் ஓடியது. தினமும் ஈரல் போயிற்று, தினமும் புனுகு வந்தது. உள்ளே பை வீங்கிக்கொண்டே இருந்தது. கூட்டத்துக்குப் புனுகு மணம் பழகிவிட்டது. தூக்கத்தில் அந்த மணம் வந்தால், காவல்காரன் நடக்கிறான் என்று எண்ணி, காதைக்கூட அசைக்காமல் தூங்கினார்கள். புள்ளிச்சி நாலு குட்டிகள் போட்டாள். நாலும் கண் திறக்காமல் அவள் வயிற்றோடு ஒட்டிக் கிடந்தன.

பத்தாவது நாள், உச்சி வெயிலில், கூட்டம் முழுவதும் குகைக்குள் உறங்கியது. புள்ளிச்சியும் அசந்து தூங்கினாள். எழுந்து பார்த்தால் மூன்று குட்டிகள்தான் இருந்தன.

குகை அலறியது. மூலைமுடுக்கெல்லாம் தேடினார்கள். குட்டி படுத்திருந்த இடத்தை ஒவ்வொருவராக முகர்ந்தார்கள். எல்லோரும் தலையைத் தூக்கி ஒரே ஒருவனைப் பார்த்தார்கள். அந்த இடத்தில் புனுகு மணந்தது.

காவல் நேரத்தில் எங்கே போனாய் என்று பெருந்தாடை கேட்டான். கருவாலன் வாலை இன்னும் இறுக்கி இடுக்கிக்கொண்டான். பாறைக்குப் பின்னால் மணலில் தேய்த்துக்கொண்டிருந்தேன் என்று எப்படிச் சொல்வான்? சொந்தக் குட்டியைத் தின்கிற நாய்கள் உண்டு, இவனும் அப்படித்தான் என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. நாய்கள் வட்டமாக நெருங்கின. பற்கள் தெரிந்தன.

புள்ளிச்சி எல்லோரையும் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"எம்புள்ளையத் தின்னியா?"

 அவள் அவன் குரல்வளையைக் குறிவைத்துக் குனிந்தாள். இன்னும் ஒரு நொடி போயிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். கருவாலன் சட்டென்று திரும்பி நின்றான். இரண்டு மாதமாகக் கால்களுக்கு இடையில் இடுக்கி வைத்திருந்த வாலை மேலே தூக்கினான்.

"மோந்து பாரு. நல்லா மோந்து பாரு. நான் உக்காந்த இடமெல்லாம் புனுகுக்கு அடியில இந்த நாத்தம் இருக்கும். குட்டி படுத்திருந்த இடத்துல இது இருக்கா?"

புள்ளிச்சி முகர்ந்தாள். புனுகுக்கு அடியில் அழுகல் நாற்றம் மூக்கைத் துளைத்தது. ஒரு பக்கம் எலுமிச்சங்காய் அளவுக்கு வீங்கி, ஓரத்தில் உடைந்து சீழ் வடிந்தது. இளம் நாய் ஒன்று அதைப் பார்த்துச் சிரித்தது. புள்ளிச்சி பாய்ந்து அதன் காதைக் கடித்துக் கிழித்தாள். அதன்பிறகு யாரும் சிரிக்கவில்லை.

அவள் குட்டி கிடந்த இடத்துக்குப் போனாள். அங்கே வெறும் புனுகு மட்டும் மணந்தது. வாசலில் கருவாலன் உட்காரும் இடத்துக்கு வந்தாள். புனுகும் இருந்தது, அடியில் அழுகலும் இருந்தது. பாறைக்குப் பின்னால் போய் மணலை முகர்ந்தாள். அங்கேயும் இரண்டும் இருந்தன, ஈரமாக. அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வெறும் புனுகு எந்த வழியே போயிருக்கிறதோ அந்த வழியே ஓடினாள். கூட்டம் அவள் பின்னால் ஓடியது.

தடம் ஒரு மரத்தடியில் போய் நின்றது. அங்கே புல்லில் கொஞ்சம் மயிர் கிடந்தது. பிஞ்சு மயிர். உச்சிக் கிளையில் புனுகுப்பூனை உட்கார்ந்து வாயைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"நான் ஒளிஞ்சு வரலையே. உங்க காவலரோட வாசனையிலதான் வந்தேன். ஒருத்தர்கூடத் தலையத் தூக்கிப் பாக்கலை" என்றான் அவன்.

நாய்கள் பொழுது சாயும்வரை குரைத்தன. மரத்தைப் பிறாண்டின. நாய் மரம் ஏறுமா? அவனைக் கடித்துக் குதறினார்கள் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். எனக்கு வருகிற ஆத்திரத்துக்கு நானே ஏறிப் பிடித்திருப்பேன். ஆனால் அப்படி எதுவும் நடக்கவில்லை. அவன் கிளைக்குக் கிளை தாவிப் போய்விட்டான். நோவை மறைக்கிற வேறொரு பிராணி இந்நேரம் அவனுக்குக் கிடைத்திருக்கும்.

குகைக்குத் திரும்பியதும் பெருந்தாடை தொண்டையைச் செருமினான். எல்லாம் கருவாலனால் வந்த வினை, அவனைக் காவலிலிருந்து நீக்கி வேறு நல்ல காவல்காரனுக்குக் காவல் பங்கைக் கொடுப்போம் என்று தொடங்கினான். அன்றைய வேட்டையில் ஒதுக்கிய ஈரல் பக்கத்திலேயே இருந்தது. முள்ளம்பன்றி சொன்னது முதல் எல்லாவற்றையும் கருவாலன் வரும் வழியிலேயே புள்ளிச்சியிடம் கொட்டியிருந்தான். புள்ளிச்சி அதைக் கவ்வி எடுத்து அவன் காலடியில் போட்டாள்.

"இதைத் தின்னுதான் அவன் நோவாளியானான். வாசனைக்கு மயங்கி வாலைத் தூக்க வேண்டாம்னு சொன்னது நீ. எம்புள்ள போனதுல உனக்கும் பங்கு இருக்கு. இந்த ஈரலை நீயே தின்னு, தின்னுட்டு நீயும் தேய்."

பெருந்தாடை உறுமினான். வழக்கம் என்று ஒன்று இருக்கிறதே என்றான். கூட்டத்தில் ஒரு நாயும் அவன் பக்கம் வந்து நிற்கவில்லை. கடைசி வரிசை நாய்கள் எழுந்து புள்ளிச்சிக்குப் பின்னால் போய் நின்றன. அவர்களில் ஒருவருக்கும் வயிறு கெட்டதில்லை, பின்புறம் வீங்கியதில்லை. அதை அவர்களே அன்றுதான் கவனித்தார்கள். அன்றோடு காவல் பங்கும் கடைப் பங்கும் ஒழிந்தன. ஈரலும் தோலும் குடலும் எல்லோருக்கும் சமமாக வந்தன.

கருவாலன் ஏரியில் இறங்கிப் புனுகைக் கழுவினான். பிறகு முள்ளம்பன்றியைத் தேடிப் போனான். அது அவனை ஏற இறங்கப் பார்த்தது. ரெண்டு மாசம் முந்தி வந்திருக்கலாம் என்று மட்டும் சொல்லிவிட்டு, கொல்லையில் பூசணிக்காய் கிடக்கும் இடத்தைக் காட்டியது. அவன் பூசணியைத் தின்றான், புல்லைத் தின்றான், தோலை மயிரோடு மென்று விழுங்கினான். தொண்டையில் சிக்காமல் இருக்க ஏரித் தண்ணீரை நிறையக் குடித்தான். சில நாளில் வெளிக்குக் கட்டியாகப் போயிற்று. பைகள் தாமாகக் காலியாயின. நமைச்சல் நின்றது.

உடைந்த புண்ணைப் புள்ளிச்சி தினமும் நக்கி ஆற்றினாள். ஆனால் அவனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. மூன்று குட்டிகளும் கண் திறந்து தவழத் தொடங்கின. அவற்றைப் பார்க்கும்போதெல்லாம் அவள் இன்னொன்றைத் தேடுவதைக் கருவாலன் பார்த்தான். ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டான்.

"எனக்கு நோவு ஆறிடுச்சு. உனக்குக் கோவம் எப்ப ஆறும்?"

"நோவு வந்ததுக்கு எனக்குக் கோவமே இல்லை. அன்னிக்கே எங்கிட்ட சொல்லியிருந்தா, இதே நாக்கால அன்னிக்கே நக்கி ஆத்தியிருப்பேன். எம்புள்ள கண்ணு திறக்காமலே போச்சு. அது ஆறாது."

சொல்லிவிட்டு அவள் மறுபடியும் புண் இருந்த இடத்தைச் சுத்தம் செய்யத் தொடங்கினாள். அவன் தலையைத் தரையில் வைத்துக்கொண்டு அழுதான்.

நோவைத் தன்னவர்களிடம் மறைத்து அதன்மேல் வாசனை பூசிக்கொள்கிறவன், நோவையும் வளர்க்கிறான், திருடனுக்குத் தன் வீட்டுக்குள் வழியும் விடுகிறான்.