நிறம் போன குடுவை

இசக்கியப்பன் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று வந்தவர். நாற்பது வயதுக்கு மேல் வேதியியல் முதலாண்டில் சேர்ந்திருந்தார். உடன் படிக்கும் பையன்கள் அவரை அங்கிள் என்றுதான் கூப்பிட்டார்கள்.

அன்று ஆய்வகத்துக்குள் வந்தவர், பேராசிரியை வடிவாம்பாளின் மேசைக்கு நேராகப் போனார். அந்த அம்மாவுக்கு அவரைவிட வயது குறைவு.

“மேடம், நான் நின்னுக்கிடலாம்னு இருக்கேன். நாலு மணிக்குள்ள ஆபீஸ்ல சொன்னா சர்டிபிகேட்டைத் திருப்பித் தந்துருவாங்க.”

“ஏன்?”

“சூரியனைக் கிரகம் சுத்துற மாதிரி எலெக்ட்ரான் சுத்துதுன்னு ஸ்கூல்ல படிச்சேன். அதை நம்பி இத்தனை வருஷம் இருந்தேன். நேத்து நீங்க, அப்படியெல்லாம் சுத்தலைன்னுட்டீங்க.”

“ஆமா.”

“என் மகளுக்கும் அதைத்தான் சொல்லிக் கொடுத்தேன் மேடம். எலுமிச்சம்பழம், புளியங்கொட்டையெல்லாம் வச்சு.”

வடிவாம்பாள் சிரிக்கவில்லை.

“நீங்க இப்போ சொல்றதையும் அடுத்த வருஷம் மாத்துவீங்களா?”

“கொஞ்சம் மாத்துவோம்.”

“அதுக்கு வரலாறு எடுத்திருக்கலாம். அங்க செத்த ராஜா செத்தவன்தான்.”

“வரலாற்று வாத்தியாரைக் கேட்டுப் பார்த்தீங்களா?” என்றார் வடிவாம்பாள். “சரி, போறது போறீங்க. இன்னைக்கு உள்ள டைட்ரேஷனை முடிச்சிட்டுப் போங்க.”

இசக்கியப்பன் குடுவையில் அமிலத்தை எடுத்தார். அமிலம் தீர்ந்ததும் சிவந்து காட்டும் பினால்ப்தலீன் இரண்டு சொட்டு விட்டார். குடுவைக்கு அடியில் வெள்ளை டைலைத் தள்ளி வைத்தார். மேலே பியூரெட் என்ற அளவுக் குழாயில் காரம் இருந்தது. திருகைத் திறந்து குடுவையை ஆட்டினார். சொட்டு விழுந்த இடத்தில் இளஞ்சிவப்பு தோன்றியது, ஆட்டியதும் மறைந்தது.

“அங்கிள், அதுக்கு உங்களைப் பார்த்து வெட்கம்” என்றான் பக்கத்துப் பையன். காரம் கூடிப்போய் அவனுடைய குடுவை ரோஸ்மில்க் நிறத்தில் இருந்தது.

“அது குடிக்கிறதுக்கா தம்பி?” என்று கேட்டார் வடிவாம்பாள். பையன் அதைத் தொட்டியில் கொட்டினான்.

இசக்கியப்பன் சொட்டுச் சொட்டாக விட்டார். கடைசியாக ஒரு சொட்டில் நிறம் நின்றது. வெள்ளை டைல் இல்லாவிட்டால் தெரிந்திருக்காது, அவ்வளவு மெலிசு. திருகை மூடி, செலவான காரத்தின் அளவை நோட்டில் குறித்தார்.

வடிவாம்பாள் அவரைக் கூப்பிட்டு, கண்ணாடிச் சாமான்களை அலமாரியில் அடுக்கச் சொன்னார். அடுக்கி முடித்து வந்து பார்த்தபோது குடுவையில் நிறம் இல்லை. வெறும் தண்ணீர் போல இருந்தது.

அவர் கை திருகுக்குப் போனது.

“என்ன செய்யப் போறீங்க?”

“ஒரு சொட்டு விட்டுச் சரிபண்ணிடுறேன் மேடம். நிறம் போயிருச்சு.”

“நீங்க மூடினப்போ இருந்ததா?”

“இருந்துச்சு. நல்லாப் பார்த்தேன்.”

“அப்போ ஏன் போச்சு?”

அவர் குடுவையைத் தூக்கி, திறந்திருந்த வாயைப் பார்த்தார். போன வாரப் பாடம் நினைவுக்கு வந்தது.

“காத்து கலந்திருக்கு. காத்துல உள்ள கார்பன் டை ஆக்சைடு மறுபடி அமிலமாக்கிருச்சு.”

“குறிச்ச அளவை அடிச்சிரலாமா?”

இசக்கியப்பன் நோட்டில் குறித்திருந்ததைப் பார்த்தார். பிறகு, “அது சரியான அளவு மேடம்” என்றார்.

குடுவையைத் தொட்டியில் கவிழ்த்தார். நன்றாக அலசி, இரண்டாவது அளவுக்காக மறுபடியும் அமிலத்தை எடுத்தார். பியூரெட்டை நிரப்பினார். அலுவலக வராந்தாவில் நாலு மணி அடித்தது. அவர் கண் திருகில் இருந்தது.

ஆட்டிக்கொண்டே, திரும்பாமல் கேட்டார்.

“மகளுக்குச் சொல்லிக் கொடுத்ததை என்ன செய்ய?”

“எப்போ சொல்லிக் கொடுத்தீங்க?”

“அவ ஒன்பதாவது படிக்கும்போது.”

“இப்போ?”

“பதினொண்ணு. கெமிஸ்ட்ரியும் இருக்கு.”

“அப்போ அவ குடுவையிலயும் இந்நேரம் காத்து கலந்திருக்கும்” என்றார் வடிவாம்பாள். “வீட்டுக்குப் போய், அவளைச் சொல்லித்தரச் சொல்லுங்க.”