மைனா கொண்டுவந்த சொற்கள்

மூங்கிலும் ஆளுயரப் போதைப்புல்லும் மண்டிக் கிடந்த ஒரு காட்டில், பிள்ளைகளே, கருமூஞ்சி என்றொரு பெண்குரங்கு இருந்தது. இருந்தது என்றா சொன்னேன்? அது ஓர் இடத்தில் இருந்தால்தானே! விடிந்ததிலிருந்து நாவல்மரத்தில் குதிக்கும், கிளையை உலுக்கும், தொண்டை கிழியக் கத்தும்.

அந்த மரத்தடியில்தான் புள்ளிமான் தன் குட்டியோடு மேயும். குரங்கு பாதி தின்று போடுகிற பழமும் கொழுந்தும் மானுக்கு. மேலேயிருந்து சத்தம் வந்தால் மானுக்கு ஒரு தைரியம். இதை இரண்டும் பேசிவைத்துக்கொண்டதில்லை. அவர்கள் அம்மாமார் காலத்திலிருந்து அப்படித்தான்.

ஒருநாள் காட்டோரத்து விருந்தினர் பங்களாவிலிருந்து மைனா வந்தது. சீமைச் சொற்கள் கொஞ்சம் அதன் வாயில் ஏறியிருந்தன.

வந்ததும் வராததுமாகக் கருமூஞ்சியின் ஆட்டத்தைப் பார்த்து, "ரவுடி!" என்றது.

"என்ன மாமா அது? தின்கிறதா?"

"முரட்டுத்தனமா ஆட்டம் போடறவங்களைப் பங்களாவில அப்படித்தான் சொல்வாங்க."

அப்போது கருமூஞ்சியின் குட்டி அதே கிளையை அதே மாதிரி உலுக்கியது. மைனா சிரித்துக்கொண்டே, "நாட்டி! குறும்புக்காரப் பயல்" என்றது.

கருமூஞ்சி தலையைச் சொறிந்தது. 'கிளை ஒன்றுதான். ஆட்டமும் ஒன்றுதான். எனக்கு ஒரு சொல், பிள்ளைக்கு ஒரு சொல்லா?'

அந்தப் பக்கம் யானை ஒன்று மூங்கிலை மளமளவென்று முறித்துப்போட்டுப் பிளிறிக்கொண்டே போனது.

"ஜாலி!" என்றது மைனா. "சந்தோஷமா இருக்கார்."

"அவர் முறிச்சா ஜாலி, நான் உலுக்கினா ரவுடியா?"

மைனா குரலைத் தாழ்த்தியது. "அவர்கிட்ட வேற சொல்லைச் சொல்லிட்டு நான் இந்தக் காட்டில கூடு கட்ட முடியுமாடி?"

கருமூஞ்சிக்குக் குழப்பம் கூடியதே தவிரக் குறையவில்லை. பொறுக்கமாட்டாமல் ஒரு கத்துக் கத்தியது.

"இதோ, இதுக்குப் பேர் நியூசன்ஸ். அக்கம்பக்கத்தாருக்குத் தொந்தரவு" என்றது மைனா.

மான் காதை விடைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டே இருந்தது. நேற்றுவரை தைரியம் தந்த சத்தமெல்லாம் இப்போது அதன் காதைக் குடைந்தது.

"ஏண்டி கருமூஞ்சி, ரவுடி இருக்கிற மரத்தடியில நான் பிள்ளை வளர்க்கறதா? வாயை மூடிக்கிட்டு இருக்கிறதா இருந்தா இரு. இல்லேன்னா நாங்க ஓடைக்கு அந்தாண்ட போயிடறோம்."

"போயிடாதேக்கா. நான் சத்தமே போட மாட்டேன்" என்றது கருமூஞ்சி.

மறுநாள் நாவல்மரம் அமைதியாக இருந்தது. கருமூஞ்சி வாலைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. தும்மல் வந்தால்கூட மூக்கைப் பொத்திக்கொண்டது. மான் நிம்மதியாகப் புல் மேய்ந்தது. குட்டிமான் தள்ளித் தள்ளிப் போனது.

போதைப்புல் லேசாக அசைந்தது. காற்று மானின் பக்கமிருந்து அந்தப் புல்லை நோக்கி அடித்ததால் அதன் மூக்குக்கு எதுவும் எட்டவில்லை. ஆனால் மேலேயிருந்த கருமூஞ்சி பார்த்துவிட்டது.

சிறுத்தை! குட்டிமானைப் பார்த்து வயிறு தரையில் உரச ஊர்ந்து வந்தது.

கருமூஞ்சிக்குக் கத்தல் தொண்டைவரை வந்து நின்றது. 'கத்தினால் எந்தச் சொல் வரும்? ரவுடியா, நியூசன்ஸா? மானக்கா போய்விட்டால்?' பக்கத்துக் கிளையில் உட்கார்ந்திருந்த மைனாவிடம் கிசுகிசுத்தது.

"மாமா, மாமா! சிறுத்தையைப் பார்த்துக் கத்தினா அதுக்கு என்ன சொல்?"

"சிறுத்தையா?" மைனா இறகைக் கோதியது. "இரு, யோசிக்கிறேன். பங்களாவில யாரும் சிறுத்தையைப் பார்த்ததில்லையே..."

"சீக்கிரம் மாமா!"

"சொல்லுன்னா சும்மாவா? பொருத்தமா இருக்க வேண்டாமா?"

புல்லுக்குள் சிறுத்தையின் பின்னங்கால்கள் மடங்கின. இனி பாய்ச்சல்தான்.

கருமூஞ்சி ரவுடியை மறந்தது, நியூசன்ஸை மறந்தது. வாயைத் திறந்து காடே அதிரக் கத்தியது. கத்திக்கொண்டே கிளையைப் போட்டு உலுக்கிய உலுக்கில் நாவற்பழம் பொலபொலவென்று கொட்டியது.

குட்டி விருட்டென்று எகிறியது. சிறுத்தையும் பாய்ந்தது. அதன் நகத்தில் சிக்கியது குட்டியின் வால்மயிர் கொஞ்சம்தான். தாயும் குட்டியும் ஓடையைத் தாண்டி மறைந்தன. இத்தனை கூச்சலுக்கு நடுவே ஒளிந்து என்ன பயன் என்று சிறுத்தை முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நடையைக் கட்டியது.

வெகுநேரம் கழித்து மான் குட்டியைக் கூட்டிக்கொண்டு மரத்தடிக்கு வந்தது. கருமூஞ்சி கிளைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, "மன்னிச்சிடுக்கா, என்னையறியாம கத்திட்டேன்" என்றது.

"கண்டுபிடிச்சிட்டேன்!" என்றது மைனா. "இப்போ போட்ட சத்தம் இருக்கே, அது பாதி ரவுடி, பாதி..."

"நீங்க கொஞ்சம் சும்மா இருங்க மாமா" என்று மான் அதட்டியது. பிறகு அண்ணாந்து பார்த்தது.

"அடியே கருமூஞ்சி, இன்னொரு தரம் கத்துடி. பிள்ளை இன்னும் நடுங்குது. நீ மேலே இருக்கேன்னு அதுக்குத் தெரியட்டும்."

நீதி: ஒருவர் போடும் சத்தத்துக்குப் பெயர் வைக்குமுன், அது யாருக்குக் காவலாக இருக்கிறது என்று பார்.