காரைப்புதரில் கேட்ட குரல்

கடற்கரையை ஒட்டி ஒரு புதர்க்காடு இருந்தது. பங்குனி மாதம். தெற்கே குளிர்காலத்தைக் கழித்த பறவைகள் வடக்கே தங்கள் ஊருக்குத் திரும்பும் காலம். அப்படித் திரும்பும் வழியில் ஓர் ஆறுமணிக்குருவி கடலைத் தாண்டி வந்து அந்தக் காட்டில் இறங்கியது.

காலையிலும் மாலையிலும் ஆறு மணி வாக்கில் கூவுவதால் அதற்கு அந்தப் பெயர். பச்சை முதுகு, நீலத் தோள், சிவந்த அடிவயிறு, கண்ணில் மை தீட்டியது போல் ஒரு கறுப்புப் பட்டை. அழகுக்குக் குறைவில்லை. ஆனால் அன்றைக்கு அது எலும்பும் தோலுமாக இருந்தது. கடலைத் தாண்டியதில் உடம்பிலிருந்த கொழுப்பெல்லாம் கரைந்துவிட்டது. மறுபடி தின்று கொழுத்தால்தான் வடக்கே பறக்க முடியும். அதையும் தென்காற்று ஓய்வதற்குள் செய்ய வேண்டும். தங்கிவிட்டால் கோடையில் மண் இறுகிவிடும், புழு கிடைக்காது, குருவி பிழைக்காது.

நாவல் மரத்தடியில் சருகு மெத்தையாகக் கிடந்தது. ஒரு சருகைப் புரட்டினால் ஒரு புழு!

"அப்பாடா! வயிறு நிறையத் தின்றுவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான்!" என்றது ஆறுமணிக்குருவி.

அங்கே குடியிருந்த தவிட்டுக்குருவிக் கூட்டத்திலிருந்து ஒன்று தத்தித் தத்தி வந்தது. "தாராளமா சாப்பிடு தம்பி! சருகு எல்லாருக்கும் உண்டு. நாங்க கொஞ்சம் சத்தம் போடுவோம், கண்டுக்காதே!"

மறுநாள் விடிந்ததும் ஆறுமணிக்குருவி முதல் சருகைப் புரட்டியது. அப்போது எதிரே இருந்த காரைப்புதருக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. "வீட்யூ! வீட்யூ!"

மனிதர்கள் காதுக்கு அது வெறும் சீட்டி. ஆறுமணிக்குருவிகளின் பாஷையில் அதற்கு அர்த்தம் வேறு: "இது என் இடம்! வெளியே போ!"

ஆறுமணிக்குருவிக்கு ரத்தம் கொதித்தது. "யாருடா அது? நான் வந்து இறங்கின இடத்தில் என்னையே வெளியே போகச் சொல்கிறவன்!"

புழுவை அப்படியே போட்டுவிட்டு, வெட்டவெளியில் கிடந்த ஒரு பாசி படிந்த கட்டையின் மேல் தாவி ஏறியது. நெஞ்சை நிமிர்த்தி, "என் இடம்! நீ போ!" என்று கத்தியது. உடனே எங்கிருந்தோ 'படபடபட' என்று ஒரு சத்தம். குருவி அதைக் கவனிக்கவில்லை. கோபத்தில் இருப்பவர்களுக்குக் காது ஒரு பக்கம்தான் கேட்கும்.

அந்தப் பாசிக்கட்டை முந்தின நாள் அங்கே இல்லை. அதைக் கொண்டுவந்து போட்டவர்கள் வேதமூர்த்தி, ஞானதுரை என்ற இரண்டு பேர். இலை நிறத்தில் சட்டை, இலை நிறத்தில் தொப்பி, கையில் கேமரா, அதில் கை நீளத்துக்கு லென்ஸ். வண்டியின் பின்னால் 'பறவைகளை நேசிப்போம்' என்று பெரிதாக ஒட்டியிருந்தார்கள்.

"சார், இன்னொரு தடவை போடுங்க! வாயைத் திறக்கிறப்ப எடுக்கணும்!" என்றார் ஞானதுரை.

"அந்தக் கிளை குறுக்கே வருதேய்யா. ஒடிச்சுப் போடு!" என்றார் வேதமூர்த்தி.

கிளை ஒடிந்தது. காரைப்புதர் மறுபடி கூவியது. குருவி மறுபடி கட்டையில் ஏறியது. காலை முழுவதும் இதே கதைதான். மாலையிலும் இதே கதைதான்.

அடுத்த நாளும் வந்தார்கள். அதற்கடுத்த நாளும் வந்தார்கள். படம் எடுத்தாயிற்றே, போகக் கூடாதா? போக மாட்டார்கள்! நேற்று எடுத்ததில் வெளிச்சம் சரியில்லையாம். இன்றைக்கு எடுத்ததில் குருவி இடது பக்கம் பார்க்கிறதாம்.

தவிட்டுக்குருவிக்குப் பொறுக்கவில்லை. "தம்பி, சாப்பிட்டியா?" என்று கேட்டது.

"சாப்பாடா? அந்தப் பயலை ஒரு கை பார்க்காம எனக்குச் சோறு இறங்குமா அக்கா?"

"இடம் வேணும்னு அவன் இவ்வளவு கத்துறானே, எதுக்குக் கேட்கிறான்? தின்னத்தானே? காரைப்புதருக்கு அடியில ஒரு சருகாவது புரண்டிருக்கா பாரு! புழு தின்னவன் எச்சமாவது போட்டிருக்கணுமே. அதையும் காணோம்!"

"பயந்து உள்ளேயே கிடக்கிறான், அதான்!"

"இல்லேப்பா. தின்னவே தின்னாதவன் எதுக்குத் தின்னுற இடத்துக்குச் சண்டை போடுறான்? எனக்கென்னமோ சரியாப் படலை!"

"உங்களுக்கு ரோஷம் இல்லை அக்கா! எனக்கு இருக்கு!" என்று கத்திவிட்டு ஆறுமணிக்குருவி மறுபடி கட்டைக்கு ஓடியது.

தவிட்டுக்குருவிக்கு வருத்தமாகப் போயிற்று. உடம்பில் சதை இல்லாதவன் ரோஷத்தை வைத்துக்கொண்டு எப்படி வடக்கே போவான்?

கடலைத் தாண்டிக் கூடவே வந்த மாங்குயில்கள் ஒரு மாலை வந்து கூப்பிட்டன. "காத்து நல்லா வீசுது! நாங்க கிளம்புறோம், வா!"

"அவன் போகட்டும், அப்புறம் வர்றேன்!"

மாங்குயில்கள் அதன் ஒட்டிய வயிற்றைப் பார்த்தன. வடக்கே பறந்துபோயின.

இதையெல்லாம் கள்ளிச்செடிக்குப் பின்னாலிருந்து ஒரு காட்டுப்பூனை பார்த்துக்கொண்டிருந்தது. அதற்குக் கணக்கு எளிதாக விளங்கியது. புதர் கூவினால் குருவி கட்டைக்கு வரும். மறைவாக இருந்த கிளைகளையும் அந்தப் புண்ணியவான்கள் ஒடித்துவிட்டார்கள். "இத்தனை நாள் நான் அலைஞ்சு திரிஞ்சு பிடிச்சேன். இப்ப எனக்காக ஆள் வெச்சுக் கூப்பிடுறாங்களே!" என்று பூனை மீசையை நக்கிக்கொண்டது.

அன்று மாலை புதர் கூவியது. ஆறுமணிக்குருவி தள்ளாடிக்கொண்டு கட்டையில் ஏறியது. கத்த வாயைத் திறந்தது, குரல் பாதிதான் வந்தது. பூனை வயிறு தரையில் தேய ஊர்ந்து வந்தது.

முதலில் பார்த்தது தவிட்டுக்குருவி. "பூனை! பூனை! தம்பி, பூனை!" என்று அலறியது. கூட்டம் மொத்தமும் அலறியது.

அந்த இரண்டு பேரும் பூனையைப் பார்த்தார்கள். நன்றாகவே பார்த்தார்கள். ஒரு கைதட்டல் போதும், பூனை ஓடியிருக்கும். ஒரு 'ச்சூ' போதும்!

"சார், பூனை வருது சார்! ஆடாதீங்க!" என்று ஞானதுரை கிசுகிசுத்தார்.

"மூச்சு விடாதேய்யா! இந்த மாதிரி படம் வாழ்க்கையில ஒரு தடவைதான்!" என்றார் வேதமூர்த்தி.

படபடபடபட.

பறவைகளை நேசிக்கிறார்களாம்! அந்த நேசத்தை உப்புப் போட்டு நக்கவா முடியும்?

பூனை பாய்ந்தது. குருவி கடைசி நொடியில் எழும்பியது. வால் இறகுகள் பூனையின் வாயில் போயின. மேலே பறக்கத் தெம்பில்லை. எதிரே தெரிந்த காரைப்புதருக்குள் தலைகுப்புற விழுந்தது.

அங்கே எதிரி இருந்தான்.

கறுப்பாக ஒரு டப்பா. கண் இல்லை. அலகு இல்லை. வயிற்றில் ஒரு சிவப்பு விளக்கு மினுக்கியது. அது குருவியின் முகத்துக்கு நேராக, "இது என் இடம்! வெளியே போ!" என்று கூவியது.

ஆறுமணிக்குருவி அதைப் பார்த்தபடியே நின்றது. "இதுக்கா? நான் பட்டினி கிடந்தது இதுக்கா?" என்றது. வெட்கம் பிடுங்கித் தின்றது. கண் கலங்கியது.

அதற்குள் பூனையும் புதருக்குள் பாய்ந்தது. முள்ளும் இருட்டுமாக இருந்த இடத்தில் குருவி மூச்சுக்கூட விடாமல் வேரோடு வேராக ஒட்டிக்கொண்டது. டப்பாதான் வாயை மூடத் தெரியாமல் மறுபடி கூவியது. குரல் வந்த இடத்தைப் பூனை லபக்கென்று கவ்வியது. கவ்வியதைத் தூக்கிக்கொண்டு ஒரே ஓட்டம்! அதன் வாய்க்குள்ளிருந்து "என் இடம்! என் இடம்!" என்று டப்பா கூவிக்கொண்டே போயிற்று.

"ஐயோ, ஸ்பீக்கர்! ஸ்பீக்கர் போச்சு! ஏய், ச்சூ! விடு! விடு!"

வேதமூர்த்தி தொண்டை கிழியக் கத்தினார். ஞானதுரை கல்லை எடுத்துக்கொண்டு முள்ளில் விழுந்து ஓடினார். குருவிக்காக வராத சத்தம் டப்பாவுக்காக வந்தது!

"அக்கா, கேட்டீங்களா?" என்றது ஆறுமணிக்குருவி.

"கேட்டேன் தம்பி. எனக்கு வயிறு எரியுது," என்றது தவிட்டுக்குருவி. "நீ முதல்ல உன் வயித்தைப் பாரு!"

மறுநாள் காலை அவர்கள் புது டப்பாவோடு வந்தார்கள். காரைப்புதர் கூவியது. முன்பைவிடச் சத்தமாகக் கூவியது.

ஆறுமணிக்குருவி முள்ளடர்ந்த சங்கம்புதருக்குள் சருகு புரட்டிக்கொண்டிருந்தது. அந்தக் குரல் கேட்டதும் அதன் கழுத்து இறகுகள் சிலிர்த்தன. தொண்டை வரை பதில் வந்தது. அந்த நேரம் பார்த்து ஒரு கொழுத்த புழு தலையை நீட்டியது. குருவி பதிலையும் புழுவையும் சேர்த்து விழுங்கியது.

"இது என் இடம்!" என்றது டப்பா.

குருவி இன்னொரு சருகைப் புரட்டியது.

"வெளியே போ!" என்றது டப்பா.

"போகத்தான் போறேன். தின்னுட்டுப் போறேன்!" என்று முணுமுணுத்தது குருவி. வாய் நிறைய இருந்ததால் அது யாருக்கும் கேட்கவில்லை.

நாட்கள் போயின. அதன் வயிறு உருண்டது, நெஞ்சில் சதை பிடித்தது. தென்காற்று ஓயும் தறுவாயில், ஒரு மாலை, வால் பாதி முளைத்திருந்த நிலையிலேயே அது கிளம்பியது. துணைக்கு யாரும் இல்லை. துணையெல்லாம் முன்பே போய்விட்டது. அந்த இழப்பு இழப்புதான்.

"பார்த்துப் போ தம்பி!" என்று தவிட்டுக்குருவிகள் காடே அதிரக் கத்தி வழியனுப்பின.

விடிந்ததும் வேதமூர்த்தியும் ஞானதுரையும் வந்து உட்கார்ந்தார்கள். டப்பா கூவியது, கூவியது, வெயில் ஏறும் வரை கூவியது. கட்டை காலியாகவே கிடந்தது.

முகம் காட்டாமல் வம்புக்கு இழுப்பவனுக்குப் பதில் சொல்லிக்கொண்டே இருந்தால், அவனுக்கு வேண்டியது அவனுக்குக் கிடைத்துவிடும், பட்டினி மட்டும் நமக்கு மிஞ்சும்.