எட்டாவது வரி

எங்கள் கட்டடத்து மாடியில் மூன்று பேர் இருந்தார்கள். ‘அடுக்கு’ என்றொரு இலவச மென்பொருள். நாம் எழுதுவதை எத்தனை முறை மாற்றினாலும் பழசையெல்லாம் அடுக்கி வைத்துக்கொள்ளும். அதற்கான கையேட்டைச் சரிபார்ப்பதுதான் இவர்கள் வேலை. தணிகைவேல் தலைவர். இருதயராஜும் பக்கிரியும் கூட இருப்பவர்கள். கீழே வாட்ச்மேன் நான்.

பழசு எதையும் தூக்கிப் போடக் கூடாது என்பது அடுக்கின் கொள்கை. கையேட்டுக்கும் அதையே வைத்துக்கொண்டார்கள். பிழையை அடிக்க மாட்டார்கள். கீழே திருத்தம் எழுதுவார்கள்.

ஏழாவது வரி: ‘துடை’ பொத்தானை அழுத்தவும்.

எட்டாவது வரி: மேலே சொன்னது தவறு. அதைத் தொடவே கூடாது.

ஒரு நாள் தொண்டியிலிருந்து செல்லக்கனி டீச்சர் போன் செய்தார். கடற்கரையெல்லாம் அலைந்து நாலு வருஷமாய் அடுக்கில் சேர்த்த மீன் பெயர்கள் போய்விட்டன. வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டும்.

“எட்டாவது வரியைப் படிக்கலையாம்மா?” என்றார் தணிகைவேல்.

“ஏழைச் செஞ்சிட்டுத்தானே சார் எட்டுக்கு வருவாங்க?”

திரும்ப அழைப்பதாகச் சொல்லித் தணிகைவேல் போனை வைத்தார். மூவரும் உட்கார்ந்து யோசித்தார்கள்.

“ஏழாவது வரியை எடுத்துடலாமா?” என்றார் இருதயராஜ்.

“எடுத்துட்டா, ஏற்கெனவே துடைச்சவங்க எதைப் பார்த்துத் துடைச்சோம்னு தேடுவாங்களே, பாவம்” என்றார் பக்கிரி.

தண்ணீர் கேன் கொண்டுபோன நான், “எடுத்துடுங்கய்யா” என்றேன். மூணாங்கிளாஸ் படித்தவர் பேசும் விஷயமா இது என்றார் தணிகைவேல். ஆறு வருஷம் ஆகிறது. நான் மறக்கவில்லை.

தொலைந்ததை மீட்கும் வழி கையேட்டின் நாற்பதாம் பக்கத்தில் இருந்தது. ஆனால் சோதித்துப் பார்க்காமல் டீச்சருக்குச் சொல்லலாமா?

“மீட்டுப் பார்க்கணும்னா முதல்ல எதையாவது தொலைக்கணும்” என்றார் இருதயராஜ்.

“நம்மகிட்ட என்ன இருக்கு?” என்றார் தணிகைவேல்.

“கையேடுதான் இருக்கு.”

பக்கிரி துடைத்தார். பிறகு மூவரும் நாற்பதாம் பக்கத்தைத் தேடினார்கள்.

மாலைவரை தேடினார்கள். அதற்குள் டீச்சரே போன் செய்துவிட்டார். கையேட்டைக் காகிதத்தில் எடுத்து வைத்திருந்தாராம். நாற்பதாம் பக்கத்தில் உள்ளபடி செய்தார். எந்தத் தேதியில் இருந்தது வேண்டும் என்று அடுக்கு கேட்டது. நேற்றைய தேதியைக் கொடுத்தார். மீன் எல்லாம் வந்துவிட்டது.

“அதைக் கொஞ்சம் எங்களுக்கும் படிச்சுச் சொல்லுங்கம்மா” என்றார் தணிகைவேல்.

டீச்சர் சொல்லச் சொல்லச் செய்தார்கள். இவர்களையும் தேதி கேட்டது.

“நேத்து கையேட்டுல ஏகப்பட்ட பிழை. பிழையே இல்லாத நாள் எது?” என்றார் பக்கிரி.

“முதல் நாள்தான். அன்னிக்கு நாம ஒண்ணும் எழுதலை” என்றார் இருதயராஜ்.

முதல் நாளைக் கொடுத்தார்கள். ‘அடுக்கு: பயன்படுத்தும் முறை’ என்ற தலைப்பு மட்டும் வந்தது. மூன்று பேரும் மாறி மாறிப் படித்தார்கள். ஒரு பிழைகூட இல்லை. அதையே உலகத்துக்கு வெளியிடுவது என்று முடிவாயிற்று.

“கடைசியில ‘முற்றும்’ போட்டுடலாமா?” என்றார் இருதயராஜ்.

தணிகைவேல் வெகுநேரம் யோசித்தார்.

“போடு. ஆனா ரெண்டாம் பக்கத்துல போடு. ஒரே பக்கத்துல முடிஞ்சா, நாம அவசரப்பட்டுட்டோம்னு நினைப்பாங்க.”