இஞ்ஞாசியின் முகம் உதிர்ந்த கதை

இந்தக் கதையில் யாரும் பொய் சொல்லவில்லை. அதனால்தான் இதைச் சொல்லத் தொடங்கும்போதே எனக்கு வாய் கசக்கிறது. நீங்கள் எண்களை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டால் போதும். நான்காம் வகுப்புக் கழித்தலுக்கு மேல் எதுவும் தேவைப்படாது.

தூத்துக்குடியில் இஞ்ஞாசி என்ற மீனவர் வள்ளத்தோடு கடலுக்குப் போனார், திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. பதினோராம் நாள் பலகை ஒன்று கரை ஒதுங்கியது. அது தன் கணவரின் வள்ளத்துப் பலகைதான் என்று மெற்றில்டா பார்த்ததுமே சொன்னாள். அதிலிருந்த நீலச் சாயம் அவள் கையால் அடித்தது. கல்லறை இல்லாத மனிதருக்கு அந்த ஒரு பலகைதான் மிச்சம். முதலாண்டு நினைவுப் பூசைக்கு அதில் அவர் முகத்தை வெட்டி வைக்க வேண்டும் என்பது அவள் ஆசை.

மரத்தில் முகம் வெட்டுவதில் பேர்போனவர் உலகநாதன். நூல்போன்ற ரம்பம் மேலும் கீழும் குதிக்கும் சிறிய மெஷின் ஒன்று அவரிடம் உண்டு. அதில் பலகையை நகர்த்தி நகர்த்தித் துளைகள் அறுப்பார். மிஞ்சும் மரம் முகமாகிவிடும். துளைக்கும் துளைக்கும் நடுவே விடப்படும் மெல்லிய மரக்கீற்றுக்குப் பாலம் என்று பெயர். பாலம் போனால் கண்மணியும் மீசையும் பிடிமானம் இல்லாமல் விழுந்துவிடும். ஒரே ஒரு மில்லிப் பாலத்தில் பல முகங்களை நிறுத்திக் காட்டியவர் அவர். (பட்டறையில் மில்லி என்றால் மில்லிமீட்டர். இருமல் மருந்தின் மில்லி வேறு.)

அவர் இரண்டு மாதம் கேட்டார். பூசைக்குப் பத்து நாள்தான் இருந்தது. ஆகவே படத்தை அவர் வரைவது, வெட்டுவதை இசக்கிராஜாவின் பட்டறையிலுள்ள சி.என்.சி. மெஷினிடம் விடுவது என்று முடிவாயிற்று. அந்த மெஷினில் சுழலும் வெட்டுமுனையான பிட், கம்ப்யூட்டர் காட்டும் கோட்டின் மேலேயே ஓடும். பிட் எத்தனை மில்லி தடிமனோ, இரு பக்கமும் சேர்த்து அத்தனையையும் பாலத்திலிருந்து தின்றுவிடும். ஒரு மில்லி பிட் போடுவதாக ஏற்பாடு. உலகநாதன் முகம் சுளிக்காமல் கம்ப்யூட்டரில் வரைந்து கொடுத்தார். படம் இரண்டடி உயரம். பாலங்கள் நான்கு மில்லி.

இஞ்ஞாசியின் தம்பி கஸ்பார் பலகையை அளந்தான். புழு அரித்தது போக நல்ல மரம் ஓரடிதான் தேறியது. உலகநாதனுக்குப் போன் செய்தான்.

"அண்ணாச்சி, படத்தைப் பாதியாக் குறைச்சா பாலம் தாங்குமா?"

"பாதியில ரெண்டு மில்லி நிக்கும்லா. போதும், குறைச்சுக்கோ."

கஸ்பார் குறைத்த படத்தைப் பட்டறையில் கொடுத்தான். குறைத்ததைச் சொல்லவில்லை, பெரியவரையே கேட்டாகிவிட்டதே.

அன்று பிற்பகல் இசக்கிராஜா அதே ஆளுக்குப் போன் செய்தான்.

"அண்ணாச்சி, உப்புல ஊறுன மரம், கல்லு மாதிரி கெடக்கு. ஓரத்துல சோதிச்சுப் பாத்ததுலயே ஒரு மில்லி பிட்டு ரெண்டு ஒடிஞ்சுபோச்சு. மூணு மில்லி போடலாமா?"

"நான் வரஞ்ச பாலம் நாலு மில்லிடே. மூணு போனா ஒண்ணு மிஞ்சும். ஓட்டு."

இசக்கிராஜா திரையைப் பார்த்தான். திரையில் எல்லாக் கோடும் ஒரே தடிமன்தான், பாலம் பாதியானது அதில் தெரியவில்லை. ஓட்டினான்.

மெற்றில்டா பக்கத்திலேயே நின்றாள். முதலில் வலது கண்மணி பெயர்ந்தது. தூசி உறிஞ்சும் குழாய் அதைச் 'சளக்'கென்று விழுங்கியது. பின்னால் மீசை போயிற்று. இசக்கிராஜா வாயைப் பிளந்து நின்றுவிட்டு மெஷினை நிறுத்தியபோது பலகையில் முகம் இருந்த இடத்தில் ஓர் ஓட்டை இருந்தது. அவள் தூசிப் பையைத் தரையில் கொட்டி, உட்கார்ந்து, விரலால் கிளற ஆரம்பித்தாள்.

அவளுக்கு மேலே இசக்கிராஜாவுக்கும் கஸ்பாருக்கும் சண்டை நடந்தது.

"சைஸைக் குறைச்சேன்னு ஒரு வார்த்தை சொன்னியாலே?"

"நீ பிட்டை மாத்தினதைச் சொன்னியாலே?"

செய்தி கேட்டு உலகநாதன் வந்தார். பலகையைத் தடவி உச்சுக் கொட்டினார். "மெஷினுக்கு மனுசன் மூஞ்சி தெரியுமா, தாயி? எங்கிட்டயே விட்டிருக்கணும்."

கூடியிருந்தவர்கள் தலையாட்டினார்கள். ஒருவர் தன் அப்பா படத்துக்கு அங்கேயே அவரிடம் சொல்லிவைத்தார். அழுகிய மீன் கூடையைத் திறந்தால்கூட எனக்கு அப்படிக் குமட்டாது.

மெற்றில்டா தூசியிலிருந்து தலை தூக்கினாள். "நீங்க ரெண்டு பேரும் யாரைக் கேட்டுச் செஞ்சீங்க?"

இரண்டு விரல்களும் ஒரே ஆளை நோக்கி நீண்டன.

உலகநாதன் கையை விரித்தார். "நான் சொன்னதுல எது பொய், தாயி?"

எதுவுமே பொய்யில்லை. சரி, நீங்கள் சொல்லுங்கள்: குறைத்தவன், பிட்டை மாற்றியவன், உண்மை மட்டுமே பேசியவர். மூவரில் இஞ்ஞாசியின் முகத்தை அழித்தது யார்?

விடை: குறைத்தது மட்டும் நடந்திருந்தால் இரண்டில் ஒன்று போய் ஒரு மில்லி நின்றிருக்கும். பிட்டை மாற்றியது மட்டும் நடந்திருந்தால் நான்கில் மூன்று போய் ஒரு மில்லி நின்றிருக்கும். இரண்டும் சேர்ந்தபோது இரண்டு மில்லிப் பாலத்தைத் தின்ன மூன்று மில்லி வாய் வந்தது. ஒருவருக்கொருவர் சொல்லாமல் விட்டது அந்த இருவரின் அசட்டுத்தனம், அதற்குத் திட்டு உண்டு. ஆனால் இரண்டு கேள்விகளும் போய்ச் சேர்ந்த காது ஒன்றுதான். இரண்டாவது போன் வந்தபோது படம் பாதியாகிவிட்டது என்று அந்தக் காதுக்குத் தெரியும். உலகநாதன் இரண்டு உண்மைகளைத் தனித்தனியாகக் கொடுத்து, அவற்றைக் கூட்டும் வேலையை மெஷினிடம் விட்டுவிட்டார்.

பூசையன்று மெற்றில்டா அந்த ஓட்டைப் பலகையையே கோயிலுக்குக் கொண்டுபோனாள். உலகநாதன் உட்கார்ந்திருந்த பெஞ்சுக்கு நேர் எதிரே அதை நிறுத்திவைத்துவிட்டு, அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.